கொடுமுடிக்கு எங்கே பஸ் ஏறுவது

மேட்டுப்பாளையம்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இஃப்ரா,

‘அன்புள்ள’ என்று போடுவதா வேண்டாமா என்று கொஞ்சநேரம் யோசித்தேன். போட்டுவிட்டேன், இருக்கட்டும். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில்தான். எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று நகராட்சி ஆணையரைக் கேட்டிருந்தேன். இப்போது உன்னிடம் ஒரே ஒரு பதில் கேட்கிறேன்.

நீ ஏன் வரவில்லை?

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று உதட்டைச் சுழிக்காதே. அந்த நேரத்தில் என் நிலைமை என்ன என்று நீ ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். கூடைப்பந்து மண்டல இறுதி ஆட்டம். நாம் ஒரு புள்ளி முன்னால். இன்னும் சில வினாடிகள்தான் பாக்கி. ஈரோட்டுக்காரி கை பட்டுப் பந்து நம் கூடைக்குப் பின்னால் கோட்டைத் தாண்டி வெளியே போனது. அவர்கள் டைம் அவுட் கேட்டார்கள். நம்முடையது எல்லாம் முன்பே தீர்ந்துவிட்டது. அது முடிந்ததும் நடுவர் பந்தை என் கையில் கொடுத்தார்.

கூடை விழுந்த பிறகு வெளியிலிருந்து பந்தைப் போடுவதென்றால் அந்தக் கோட்டின் நீளத்துக்கு ஓடி ஓடி ஆள் தேடலாம். இது அப்படி இல்லை. நடுவர் காட்டிய இடத்திலேயே நிற்க வேண்டும், ஓர் எட்டு நகரலாம், அவ்வளவுதான். கோட்டை மிதித்து உள்ளே வந்தால் தப்பு. ஐந்து வினாடிக்குள் பந்து என் கையை விட்டுப் போகாவிட்டால் அது எதிராளிக்குச் சொந்தம். என் முன்னால் ஒருத்தி கைகளை விரித்துக்கொண்டு குதித்தாள். நடுவர் கையை வீசி வீசி எண்ணினார். நீ வலது மூலைக்கு வருவாய் என்று அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ எதிர்ப்பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேலரியை வேடிக்கை பார்த்தாய். விசில் ஊதிவிட்டார். பந்து அவர்களுக்குப் போனது, கூடையும் போட்டார்கள், நாம் தோற்றோம்.

வேனில் நம் கோச் டேவிட்சன் சார் கேட்டபோது நான் கண்டதைத்தான் சொன்னேன். “அவ வரவே இல்லைங்க சார். நின்னுட்டே இருந்தா.” அன்று காலையில் நீ ஈரோட்டு கோச்சுடன் கேன்டீன் வாசலில் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னது நான் இல்லை. மற்றவர்கள் சொன்னபோது நான் குறுக்கே பேசவில்லை, அது உண்மை.

திட்டுவதென்றால் திட்டு. ஆனால் பதில் எழுது.

ரூத்


கோட்டைமேடு, கோவை
22 ஆகஸ்ட் 2025

கேப்டன் அவர்களுக்கு,

கேள்வித்தாள் கிடைத்தது. நீ நல்ல பிள்ளை, கண்டதை மட்டும் சொல்பவள். நானும் கண்டதையே சொல்கிறேன். ஒரு வாரமாக ஆளாளுக்கு விளக்கிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டதால் உனக்கும் முதலில் இருந்தே வருகிறது, பொறுத்துக்கொள்.

டேவிட்சன் சார் வலது மூலை என்று சொல்லவே இல்லை. சார் எப்போது மூலையைச் சொல்லியிருக்கிறார்? நம் பக்கத்து மைதானத்தின் நான்கு மூலைக்கும் கோயம்புத்தூரின் நான்கு பஸ் ஸ்டாண்டுகளைப் பெயராக வைத்தவர் அவர். வலது கீழ்மூலை காந்திபுரம், இடது கீழ்மூலை உக்கடம், இடது மேல்மூலை சிங்காநல்லூர், வலது மேல்மூலை மேட்டுப்பாளையம் ரோடு. சார் ஓர் ஊர்ப்பேரைக் கத்துவார். அந்த ஊருக்கு எந்த பஸ் ஸ்டாண்டில் ஏறுவோமோ அந்த மூலைக்கு நான் போய், ஆட்டத்துக்கே சம்பந்தமில்லாதவள் போல நிற்க வேண்டும். பந்து என்னை நோக்கி வரும்வரை திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. பழனி என்றால் உக்கடம், ஊட்டி என்றால் மேட்டுப்பாளையம் ரோடு, மதுரை என்றால் சிங்காநல்லூர், சேலம் என்றால் காந்திபுரம். இதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று நம்மிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் அன்றுவரை சொன்னதில்லை.

அன்றைக்கு எதிரணி ஈரோடு. அவர்களும் நம் பஸ்களில் வந்து போகிறவர்கள்தானே, சேலம் மதுரை என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சாருக்குப் பயம். அதனால் டைம் அவுட் முடிந்து நாம் மைதானத்துக்குள் போன பிறகு, அதுவரை சொல்லாத ஓர் ஊரைக் கத்தினார். கொடுமுடி.

நீயே சொல், கொடுமுடிக்கு எங்கே பஸ் ஏறுவது? வெள்ளகோவிலில் எங்கள் சின்னம்மா இருக்கிறார். சிங்காநல்லூரில் கரூர் வண்டி ஏறி வெள்ளகோவிலில் இறங்கி, அங்கிருந்து கொடுமுடிக்கு மாறிப் போய் ஆற்றங்கரையைப் பார்த்திருக்கிறோம். அதனால் சிங்காநல்லூரில் நின்றேன். சார் சொல்லிக்கொடுத்த மாதிரியே இடுப்பில் கை வைத்து, கேலரியைப் பார்த்து, அழகாக நடித்தேன். என் பக்கத்தில் ஈ காக்கை கிடையாது. நீ எறிவாய் என்று நான் நின்றேன். நான் வருவேன் என்று நீ நின்றாய். நம் சின்னத்தாயியைக் கேட்டேன். கொடுமுடிக்கு ரயில் இருக்கிறதே, ஸ்டேஷனுக்கு மூலை இல்லையே என்று அவள் நடுவில் நின்றாளாம். முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஈரோட்டு கோச் அடுத்த வருஷம் எம்.காம். அங்கே வந்து சேரச் சொன்னார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நடந்தது அவ்வளவுதான்.

பல்கலைக்கழக முகாமுக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். முகாம் போனால் போகட்டும். அன்றைக்கு எங்கள் அத்தா கேலரியில் இருந்தார், அதுதான். பெரிய கடை வீதியில் பள்ளிக்கூடப் பைகள் விற்கும் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். விடியற்காலைப் பயிற்சிக்கெல்லாம் என்னை ஸ்கூட்டரில் கூட்டிவந்து, ஓரமாக உட்கார்ந்தே ஆட்டத்தைப் படித்தவர். மூன்று வினாடி, ஐந்து வினாடி, எட்டு வினாடி எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அன்று வேனில் ஏறாமல் அவரோடுதான் வீட்டுக்கு வந்தேன். வந்து தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “பணம் ஏதாச்சும் வாங்கினியா கண்ணு?”

நான் பஸ் ஸ்டாண்டு கதையைச் சொன்னேன். “பஸ் ஸ்டாண்டா?” என்றார். பிறகு தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார். ஊர் என்ன நினைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை ரூத். அத்தா நம்ப வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இஃப்ரா


மேட்டுப்பாளையம்
26 ஆகஸ்ட் 2025

இஃப்ரா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கொடுமுடி என்றால் ஈரோடுதான், ஈரோடு என்றால் காந்திபுரம்தான். இதில் இன்னொரு வழி இருக்கும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. பாக்கு மண்டியிலிருந்து வந்த அப்பாவிடம் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். “ஈரோடு போயி மாறோணும் அம்மணி” என்றார். சரிதான் என்று மனதுக்குள் கொஞ்சம் திமிர்கூட வந்தது. மறுநாள் காலேஜுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி கண்டக்டரைக் கேட்டால், யோசிக்காமல் சிங்காநல்லூர் என்கிறார். அதோடு என் திமிர் இறங்கிவிட்டது.

உன்னைப் பார்க்கத்தான் செய்தேன் இஃப்ரா. உன் முன்னால் யாரும் இல்லாததும் தெரிந்தது. அங்கேயே எறிந்திருக்கலாம். ஆனால் சார் சொன்ன இடத்தில் நீ இல்லை என்றுதான் பட்டதே தவிர, நான்தான் வேறு இடத்தைப் பார்க்கிறேன் என்று படவில்லை. உன் பெயரைக் கூப்பிட்டால் டிஃபென்ஸுக்குத் தெரிந்துவிடும் என்று வாயையும் மூடிக்கொண்டிருந்தேன். பந்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும்போது என்னால் வேறு ஒன்றுமே செய்ய முடியாது, எவளாவது வந்து வாங்கினால்தான் உண்டு. அந்தப் பயத்தில் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. வேனில் நான் சொன்னதில் பாதி கோபம்.

டேவிட்சன் சாரிடம் போனேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் மனைவியின் ஊரே கொடுமுடியாம். எப்போதும் காந்திபுரத்தில் ஏறி ஈரோடு வழியாகத்தான் போவாராம். “எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுப்போட்டேன் அம்மணி” என்றார். நீ வேண்டுமென்றே நின்றுவிட்டாய் என்று அவர் அன்றைக்கே பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதை அவராகத் திரும்ப வாங்கினால் இந்த வருஷம் அவர் வேலையைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறார். நீங்கள் மனு கொடுங்கள், என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன் என்றார்.

அதனால் மனு எழுதிவிட்டேன். சின்னத்தாயி உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நாளைக்குப் பிரின்சிபால் அறையில் கொடுக்கிறேன். முகாம் தொடங்குவதற்குள் உன் பெயர் திரும்ப ஏறிவிடும். காலேஜே கடிதம் கொடுத்தால் உன் அத்தா நம்பாமல் என்ன செய்வார்? பொய் சொல்கிறவளுக்குத்தான் பயம். நாம் நடந்ததைத்தானே சொல்லப் போகிறோம்.

நம்பிக்கையோடு இரு. நான் ஜெபம் செய்கிறேன்.

ரூத்


கோட்டைமேடு
6 செப்டம்பர் 2025

ரூத்,

நீ செய்த நல்ல காரியத்தின் பலன் வந்துவிட்டது. விசாரணை அறைக்கு வெளியே நாம் பேசிக்கொள்ள விடவில்லை. நீயும் அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போய்விட்டாய். உள்ளே என்னிடம் நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

உன் மனுவை விசாரித்த கமிட்டியின் தலைவி, அந்த மேடம், மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். மேசையில் ஒரு வெள்ளைத்தாள். மைதானத்தை வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். நான்கு மூலைக்கும் பெயர் எழுதச் சொன்னார், எழுதினேன். பிறகு, “கொடுமுடின்னா எந்த மூலை?” என்றார். சிங்காநல்லூரில் விரல் வைத்தேன். அவர் தன் கோப்பிலிருந்து இன்னும் இரண்டு தாள்களை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று உன்னுடையது, காந்திபுரத்தில் வட்டம். இன்னொன்று சின்னத்தாயியுடையது. அந்தப் புண்ணியவதி நடுவில் ஒரு வட்டம் போட்டு ‘ரயில்வே ஸ்டேஷன்’ என்று எழுதியிருந்தாள்.

“ஒரே டீம், ஒரே வார்த்தை, ஆளுக்கொரு அர்த்தம்” என்றார் மேடம். “பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணினா, கலந்து பேசியாவது வந்திருக்கலாமேம்மா.”

அதனால்தான் மேடம் தோற்றோம் என்றேன். மூன்று பேரும் ஒரே மூலையைக் காட்டியிருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம், இந்த அறைக்கே வந்திருக்க மாட்டோம் என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சொல்லி முடித்தபோது எனக்கே அது சாமர்த்தியமாக ஜோடித்த கதை மாதிரிதான் கேட்டது. டேவிட்சன் சாரைக் கூப்பிட்டார்கள். காந்திபுரம் என்றார். அப்படியானால் இந்தப் பெண் ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டார்கள். குழப்பம் இருந்திருக்கலாம் என்றார். இருந்ததா, இருந்திருக்கலாமா என்று கேட்டார்கள். அவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

அதுவரை பட்டியலில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான். சார் கொடுத்த தாளைத் தவிர, தண்டனை என்று யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. இப்போது எழுத்தில் வந்துவிட்டது. ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது, சக மாணவிகளைப் பொய் சாட்சி சொல்லத் தூண்டியதற்குக் கண்டனம். பதிவுத் தபாலில் அனுப்பினார்கள், அமீர் ஹம்சா என்று அத்தா பேருக்கு, கடை விலாசத்துக்கு. நான் அப்போது அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கினார். படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதிரே நின்ற அம்மாளுக்குப் பள்ளிக்கூடப் பையின் ஜிப்பை இழுத்துக் காட்டி, “இது ரெண்டு வருசம் உழைக்குமுங்க” என்று வியாபாரத்தைத் தொடர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பிளாக் செய்ததை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, நீ போன் செய்தால் நான் அழுதுவிடுவேன், அதை அத்தா கேட்பார் என்று விட்டுவிட்டேன். உனக்குப் புண்ணியமாகப் போகட்டும் ரூத், இனிமேல் எனக்காக ஒன்றும் செய்யாதே.

இஃப்ரா


மேட்டுப்பாளையம்
10 செப்டம்பர் 2025

இஃப்ரா,

இரண்டு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதினால் அது எனக்காகக் கேட்பது மாதிரி இருக்கிறது.

நம் மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டாலும் என்ன, உண்மைதானே என்று நினைத்திருப்பேன். நான் காந்திபுரத்தில் வட்டம் போட்டபோது அந்த மேடம் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சின்னத்தாயி சொன்ன பிறகுதான் என்ன ஆயிற்று என்று புரிந்து அழுதேன். உனக்குக் குழி தோண்ட மண்வெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

முகாமுக்குப் போகவில்லை என்று டேவிட்சன் சாரிடம் போய்ச் சொன்னேன். நீ இல்லாமல் நான் மட்டும் போய் ஆடினால் அது எனக்கே அசிங்கமாக இருக்கிறது என்றேன். “நீ உட்டாலும் அந்த எடம் அவளுக்குப் போகாது அம்மணி, வேற காலேஜுக்காரிக்குப் போகும்” என்றார். வீட்டிலும் போகத்தான் வேண்டும் என்கிறார்கள். போனால் துரோகம், போகாவிட்டால் அதனால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் என்ன செய்தாலும் உன் பக்கம் ஒன்றும் நகரவில்லை. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

ஒன்றும் செய்யாதே என்று எழுதியிருந்தாய். இதை மட்டும் செய்துவிடுகிறேன், தடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கோட்டைமேட்டுக்கு வருகிறேன். மனு இல்லை, கமிட்டி இல்லை. உன் அத்தா முன்னால் உட்கார்ந்து நானே சொல்கிறேன். பந்தைக் கையில் வைத்திருந்தவள் நான், தப்பான மூலையைப் பார்த்தவளும் நான். வேறு யார் சொன்னாலும் நம்பாதவர் நான் சொன்னால் நம்புவார். முகாம் அதற்கு மறுநாள்தான் தொடங்குகிறது.

வராதே என்றால் எழுது. எழுதினாலும் அதற்குள் வந்து சேருமா தெரியவில்லை.

ரூத்


கோட்டைமேடு
17 செப்டம்பர் 2025

அன்புள்ள ரூத்,

முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் இதையும் தபாலிலேயே போடுகிறேன். நேற்று உன்னை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்.

நீ வந்ததற்கு அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். இவ்வளவு மெலிந்த பிள்ளை எப்படிப் பந்து ஆடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீ பேசியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டேன். நன்றாகத்தான் சொன்னாய். தட்டில் இருந்த பிஸ்கட்டுகளை மேசையின் நான்கு மூலையிலும் வைத்து, டீ டம்ளரை உனக்காக வெளியே வைத்து, ஒவ்வொன்றாக விளக்கினாய். கமிட்டியில் நான் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அத்தா பிஸ்கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் நீ சொன்னதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அப்போதுகூட, “பரவால்லீங்க அம்மணி, டீ ஆறுது பாருங்க” என்றுதான் சொன்னார்.

பிறகு அவர் இரண்டு கேள்வி கேட்டார், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஐந்து வினாடியில் நீங்கள் இவளைப் பார்த்தீர்களா என்றார். “பாத்தேனுங்க” என்றாய். இவள் உங்களைப் பார்த்தாளா என்றார். நீ கொஞ்சம் தயங்கி, “இல்லைங்க” என்றாய்.

நீ வேறு என்ன சொல்வாய்? நான் பார்க்கவில்லைதான். பார்க்கக் கூடாது என்பதுதானே ஏற்பாடு. அதையும் உடனே விளக்கினாய். அவர் தலையாட்டிவிட்டு உனக்கு இன்னொரு டீ ஊற்றினார். உன்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டபோது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்னதாக வீட்டுப் படி இறங்கும்போது அம்மாவிடம், இனி எல்லாம் சரியாகிவிடும் அம்மா என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது.

அத்தா திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டார். ஒரு மாதமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர் கூப்பிட்டார். நம்பிவிட்டார் என்று ஓடினேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் தலையில் கை வைத்தார்.

“நல்ல புள்ள அது” என்றார். “உனக்காகப் பொய் சொல்லறதுக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து வந்திருக்குது. பழிய எல்லாம் தன் தலையில எடுத்துப் போட்டுக்குது. இப்படி ஒரு சிநேகிதம் கெடைக்காது கண்ணு, உட்டுராத.” பிறகு, “நானும் யோசிச்சுப் பாத்தேன். பந்து வாங்கப் போறவ பந்தைப் பாக்காம நிப்பாளா? சின்ன வயசு, யாரோ ஆசை காட்டியிருக்காங்க. போனது போகட்டும். நான் மன்னிச்சுட்டேன். நீயும் இனிமே அதைப் பத்திப் பேசாத” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதில் ஒரு தெளிவு. அம்மாவைக் கூப்பிட்டுப் பசிக்கிறது என்றார். நான் செய்யவில்லை அத்தா என்று இன்னொரு முறை சொல்லியிருந்தால், அந்தத் தெளிவு போய், மன்னித்த பிறகும் பொய் சொல்கிறாளே என்று ஆகியிருக்கும். வாய்வரை வந்துவிட்டது ரூத்.

சரிங்கத்தா என்று சொல்லிவிட்டேன்.

இஃப்ரா